கோபா என்று கூப்பிடாதீர்கள்

தண்ணீர்ப் பீப்பாயின் அடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். காலையில் அந்த ஈரமணலில் யார் யார் வந்து முகம் கழுவினார்கள் என்று பார்ப்பது கூமாவுக்குப் பல் துலக்குவது போல ஒரு பழக்கம். சுற்றுலா கூட்டிக்கொண்டு வருகிறவன் கண்ணுக்கு இரண்டாம் நாளே எல்லாருடைய பூட்ஸும் மனப்பாடமாகிவிடும். கனடாக்காரருக்குக் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கும். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கியிருந்தது. மார்க்ரீத் அம்மாள் வலது காலை இழுத்து இழுத்து வைப்பாள். எல்லாம் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு வெறுங்காலும் இருந்தது.

இடது கால். ஒடுங்கி நீண்ட பாதம், ஆழமான குதிகால், நான்கே விரல். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மணல் வழவழவென்று இருந்தது.

அந்தக் கால் யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தவழும் வயதில் அடுப்பு நெருப்புக்குள் காலை விட்டு விரலைப் பறிகொடுத்தவள் அந்த வட்டாரத்தில் ஒருத்திதான். பதினாறு வருஷம் அந்தக் கால் அவனுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்திருக்கிறது. போன மழையில் இருமி இருமிச் செத்துப்போன அவன் பெண்டாட்டி கோபாவின் கால் அது.

கூமா குனிந்துகூடப் பார்க்கவில்லை. குப்பையைத் தள்ளுவது போலச் செருப்பால் அதைத் தேய்த்து அழித்துவிட்டு, காபிக்கு விறகு பொறுக்கப் போனான். சீசன் ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாள் முழுதாகத் தூங்கியதில்லை. ஒரு வண்டி ஆட்களை இறக்கிவிட்டால் அடுத்த வண்டி ஆட்கள் நிற்பார்கள். அதே யானை, அதே புதர், அதே கிழங்கு, அவனுக்கே புளித்துப்போன அதே நகைச்சுவை. அலுத்த கண் எதையும் காட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் விறகு இரண்டு தடவை கீழே விழுந்தது.

எல்லாம் முந்தின நாள் சாயங்காலம் வந்த வினை.

வருகிற விருந்தாளிகளுக்கு ஊர்ப்பெண்கள் ஆளுக்கொரு பெயர் வைப்பார்கள். ஊரில் உயிரோடு இருக்கிற யாருடைய பெயராவது இருக்கும். பெயர் போகிற இடத்துக்கு உறவும் போகும். என் பெயரை வாங்கியவனுக்கு என் பெண்டாட்டி பெண்டாட்டி, என் மகன் மகன். இது அந்த மண்ணில் நிஜமான முறை, விளையாட்டில்லை. ஆனால் விருந்தாளிகள் கைதட்டிச் சிரிப்பதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது என்பதால், கூமாவே ஒவ்வொரு தடவையும் இதை விரிவாக எடுத்துச் சொல்வான். நேற்று வண்டி மணலில் புதைந்து, தள்ளித் தள்ளி ஊர் வந்து சேர இருட்டும் நேரமாகிவிட்டது. பெயர் வைக்கிற அவன் தங்கை பாவுவுக்குப் பல்வலி. "நீயே வெச்சுத் தொலை, அண்ணே" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனும் ஒவ்வொருவராக வைத்துக்கொண்டு வந்தான். கடைசியில் நின்றவள் மார்க்ரீத் அம்மாள், ஹாலந்துக்காரி. புருஷன் போய், பிள்ளை இல்லாமல், தனியாக ஊர் சுற்ற வந்தவள். முதுகெல்லாம் வலி, கண்ணெல்லாம் தூசி, தலைக்குள் ஒரு பெயரும் மிச்சமில்லை. நாக்கில் எந்தப் பெயர் எப்போதும் முதலில் வருமோ அது வந்தது.

"கோபா" என்றான்.

பெண்களின் கைதட்டல் பாதியில் நின்றது. மார்க்ரீத் அம்மாள் மட்டும், "கோபா... கோபா" என்று இரண்டு தடவை சுத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு முறையை நன்றாகக் காதில் வாங்கியிருந்தவள், கூமாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற அவன் ஏழு வயது மகள் ஊசேயைப் பார்த்துக் கையை நீட்டி, "அப்போ நான் உனக்கு அம்மா, இல்லையா?" என்று கேட்டாள். வெட்கப்படுகிற பிள்ளை என்று பெயரெடுத்த ஊசே நேரே போய் அவள் மடியில் உட்கார்ந்தது.

பாவு அவனைக் குடிசைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"என்ன காரியம் பண்ணிட்ட?"

"வாய் தவறிடுச்சு."

"தவறிடுச்சாம்! உனக்கு வேற பொம்பள பேரே தெரியாதா? அவ போயி இன்னும் அடுத்த மழைகூட வரல. அவ மனசு எங்க கிடந்துச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கடைசி நாளில் ஊசேயின் கையைப் பிடித்த பிடியை கோபா விடவேயில்லை. 'என் பிள்ளைய விட்டுட்டு நான் போக மாட்டேன்' என்றாள். மூச்சு நின்ற பிறகும் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தவன் கூமாதான்.

"செத்தவங்களுக்கு நம்ம மேல கோபம் கிடையாதுண்ணே. ஏக்கம்தான். அதுதான் பொல்லாதது" என்றாள் பாவு. "இனிமே கோபான்னு கூப்பிட்டா ரெண்டு பேரு திரும்பிப் பாப்பாங்க."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அந்த மணல்காட்டில் எதைக் கொட்டினாலும் அள்ள முடியாது.

காலைக் காபியின்போது கூமா ஒரு முயற்சி செய்தான். பல்லெல்லாம் தெரிய, "அம்மா, உங்களுக்கு இன்னும் நல்ல பெயராக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்" என்றான். அவள் முகம் சின்னப்பிள்ளை முகம் போலச் சுருங்கியது.

"ஏன், எனக்கு இது பொருத்தமா இல்லையா?"

"அதெல்லாம் விடமாட்டோம்! கோபாதான்! எங்க கோபா!" என்று கனடாக்காரர் மேசையைத் தட்டினார். நல்ல மனுஷர், தொண்டைதான் பெரிது. ஜோடியும் சேர்ந்துகொண்டது. கோபா, சர்க்கரையை இப்படித் தள்ளுங்க. கோபா, தொப்பி எங்கே. கோபா, நேற்று ராத்திரி சிங்கம் கத்தினது கேட்டுச்சா. ஒவ்வொரு தடவையும் கூமாவின் பிடரியில் ஒரு எறும்பு ஊர்ந்தது. செத்தவளின் பெயரை அவள் செத்ததிலிருந்து அவனே இத்தனை முறை சொன்னதில்லை.

வெயில் ஏறுவதற்குள் தடம் பார்க்கிற நடைக்குக் கூட்டிப்போனான். முன்னால் அவன், பின்னால் வரிசையாக விருந்தாளிகள், கடைசியில் மார்க்ரீத் அம்மாள். காய்ந்த புல் உரசுகிற சத்தம், எங்கோ ஒரு புறாவின் ஒரே கேள்வி, வெயிலில் வேகிற முள்மரப் பிசினின் கசந்த வாசனை. முள்ளம்பன்றி ராத்திரி கிழங்கு தோண்டிய குழியைக் காட்டினான். முறுக்குக்கொம்புக் கூடுமான் நின்று காது கொடுத்த இடத்தைக் காட்டினான். வாய் தானாகப் பேசியது. காது மட்டும் பின்னால் இருந்தது. வரிசையின் கடைசியில் இழுத்து வைக்கிற அந்தப் பூட்ஸுக்கும் பின்னால், மிக மெதுவாக இன்னொன்று மணலை அமுக்கிக்கொண்டு வருவதுபோல இருந்தது. அவன் நின்றால் அது நின்றது.

"கோபாஆஆ! பின்தங்கிடாதீங்க!" கனடாக்காரர் கையைக் குவித்துக் கத்தினார். அந்தக் குரல் புதரெல்லாம் தாண்டிப் போய், வெள்ளை உப்புத்தரையின் மேல் ஓடி, அந்தக் கரையில் போய் விழுந்தது. அந்தக் கரையில்தான் கோபாவைப் புதைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

திரும்பும்போது வேண்டுமென்றே வந்த வழியாகவே கூட்டி வந்தான். தங்கள் தடத்தைத் தாங்களே பார்த்து விருந்தாளிகள் குதூகலித்தார்கள். கூமா கடைசித் தடத்தைப் பார்த்தான். மார்க்ரீத் அம்மாளின் பூட்ஸ் பதிந்த இடமெல்லாம் அதன் மேலேயே, அதை மிதித்துக்கொண்டு, ஒரு வெறுங்கால் பதிந்திருந்தது. ஓரத்து மணல் இன்னும் சரிந்துகூட முடியவில்லை. நான்கு விரல்.

"நம்ம பின்னாடி வந்தாங்களே, அந்தப் பொண்ணு உங்க ஊரா?" என்றாள் மார்க்ரீத் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாரு?"

"நான் முகத்தப் பாக்கல. திரும்பினா வெயில் கண்ணுல அடிக்குது. ஆனா நல்ல வாசனை. புகையும் ஏதோ பொடியும் கலந்த மாதிரி."

ஆமை ஓட்டில் வைத்துப் பெண்கள் கழுத்தில் பூசிக்கொள்கிற பொடி அது. கோபாவின் ஆமை ஓட்டை அவளோடேயே புதைத்தாகிவிட்டது. கூமா தண்ணீர்ப் புட்டியை எடுத்து அந்த அம்மாளுக்குக் கொடுத்தான்.

மத்தியானம் தாபேயைத் தேடிப் போனான். தாபே கோபாவின் அண்ணன். நோய் தீர்க்கும் ஆட்டம் ஆடுகிறவன். விருந்தாளிகள் வரும்போதெல்லாம் அதை ஆடிக் காட்டுகிறவனும் அவன்தான். மரநிழலில் மல்லாந்து கிடந்தவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"வா மச்சான். புதுப் பொண்டாட்டி கட்டியிருக்கியாமே. பல்லு இருக்கா, இல்ல கழட்டி வெக்கிறதா?"

கூமா சிரிக்கவில்லை. தடத்தைப் பற்றிச் சொன்னான். தாபே எழுந்து உட்கார்ந்தான்.

நெருப்பைச் சுற்றிப் பெண்கள் கைதட்டிப் பாடும்போது செத்தவர்கள் கேட்க வருவார்கள். வெளிச்சம் முடிகிற ஓரத்தில் நிற்பார்கள். ஆடுகிறவன் ஆடி ஆடி நெஞ்சு கொதித்து, தன்னை மறந்து, அந்த ஓரத்துக்கு ஓடி அவர்களைத் திட்டி விரட்ட வேண்டும். அதற்கு விடியும்வரை ஆகும். விருந்தாளிகளுக்கோ எட்டு மணிக்குச் சாப்பாடு. ஆகவே சீசன் முழுக்கக் கூப்பிடுகிற பாட்டு உண்டு, விரட்டுகிற வேலை கிடையாது.

"இன்னிக்கு முழுசா ஆடணும், மச்சான். சாப்பாடு ஆறினா ஆறட்டும்" என்றான் கூமா.

"என் தங்கச்சிய நானே போயி விரட்டணுமா?"

"ஊசேய நெனச்சுப் பாரு."

தாபே எழுந்து போய், ஆட்டத்துக்குக் காலில் கட்டுகிற பூச்சிக்கூட்டுச் சரத்தை எடுத்து உதறினான்.

பொழுது சாய்ந்ததும் நெருப்பு மூட்டினார்கள். விருந்தாளிகளுக்கு மடக்கு நாற்காலிகள் எப்போதும் போடுகிற இடத்தில், வெளிச்சம் முடிகிற ஓரத்தில், வரிசையாகப் போட்டிருந்தன. அந்த இடத்தைக் கூமா வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறான். அது யார் நிற்கிற இடம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பெண்களின் பாட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. ஆட்டக்காரர்களின் காலில் கட்டிய பூச்சிக்கூடுகள் கலகலத்தன. புழுதி எழுந்து நெருப்பில் சிவந்தது. தாபேயின் வயிறு இறுகியது, தொடை நடுங்கியது, மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. கனடாக்காரர் கேமராவை இறக்கிவிட்டு வாயைப் பிளந்தார். தாபே அலறிக்கொண்டு இருட்டின் ஓரத்துக்கு ஓடினான்.

"போங்க! எதுக்கு வந்தீங்க? இங்க உங்களுக்கு ஒண்ணுமில்ல, போங்க!"

பிறகு சத்தமில்லை.

அவன் திரும்பி வந்தபோது வேர்வை உறைந்திருந்தது. கூமாவின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க யாரும் இல்ல, மச்சான். எங்க அப்பன், சித்தப்பன், எப்பவும் நிக்கிறவங்க ஒருத்தர்கூட இல்ல. விலகிப் போயிட்டாங்க."

"அப்ப நல்லதுதானே?"

"அவ ஓரத்துல இல்ல. உள்ள வந்துட்டா. பேரு குடுத்து, நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. அவளப் போயி எந்த வாயால போன்னு சொல்லுவேன்?"

கூமா நாற்காலி வரிசையைப் பார்த்தான். மார்க்ரீத் அம்மாள் பாட்டில் லயித்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் மடியில் ஊசே தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலி. ஊசேயின் தலை மார்க்ரீத் அம்மாளின் நெஞ்சில் சாயவில்லை. பக்கவாட்டில், காலி நாற்காலியின் பக்கம், ஒரு தோளில் சாய்ந்ததுபோல அந்தரத்தில் நின்றிருந்தது. விழவில்லை. ஆடக்கூட இல்லை.

பாய்ந்து போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டான். கன்னத்தில் அந்தப் பொடியின் வாசனை.

அப்போதே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதை அவனும் நினைத்தான். ஆனால் விருந்தாளிகளைக் காட்டில் விட்டுவிட்டுப் போக முடியாது. இருட்டில் அந்த மணல்பாதையில் யானைகள் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. விடியட்டும், விடிந்ததும் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கண்காணாத தூரத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தான். அலுத்தவன் எல்லாவற்றையும் விடியலுக்குத்தான் தள்ளிவைப்பான்.

ஊசேயை வண்டியின் முன்சீட்டில் படுக்கவைத்து, கண்ணாடிகளை ஏற்றி, கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டான். முள் இல்லாத கிளை ஒன்றை ஒடித்து, வண்டியைச் சுற்றி மணலை வழித்துச் சமமாக்கினான். ஓணான் நடந்தால்கூடத் தெரியும். முன்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து, சின்னதாக ஒரு நெருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளே பிள்ளையின் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்து படிந்து மறைந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். படிந்தது. மறைந்தது. படிந்தது.

கண் அசந்தது.

விழித்தபோது வானம் வெளுத்திருந்தது. நெருப்பு சாம்பலாகிக் கிடந்தது. கழுத்து வலித்தது. புறாக்கள் கத்த ஆரம்பித்திருந்தன.

மணலைப் பார்த்தான்.

உப்புத்தரைப் பக்கமிருந்து ஒரு தடம் வந்திருந்தது. வெறுங்கால். நீண்ட பாதம். இடதில் நான்கு விரல். அவசரமே இல்லாத நடை. அவன் நீட்டியிருந்த காலைத் தாண்டி, வண்டிக் கதவுக்கு நேரே வந்து நின்றிருந்தது.

திரும்பிப் போகவில்லை.

கதவடியிலிருந்து இன்னொரு தடம் கிளம்பியிருந்தது. சின்னக் கால். உள்பக்கம் கொஞ்சம் வளைந்த கட்டைவிரல். அவன் மகளின் கால். ஒற்றையாக, நேராக, உப்புத்தரையைப் பார்த்துப் போயிருந்தது.

வந்தது பெரிய கால். போனது சின்னக் கால்.

எழுந்தான். ஓட முடியவில்லை. அந்தச் சின்னத் தடத்தின் பின்னால் நாலடி வைத்திருப்பான்.

"அப்பா."

திரும்பினான். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஊசேயின் முகம். தூக்கம் கலையாத கண். கன்னத்தில் சீட்டின் தழும்பு.

கூமா அழுதான். சிரித்தான். மூக்கைச் சிந்தினான். சாவியை எடுத்தான். கதவைத் திறந்துவிட்டு, கை இரண்டையும் விரித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். பொய், எல்லாம் பொய், அலுத்த கண்.

"வாடா தங்கம். அப்பாகிட்ட ஓடி வா."

பிள்ளை சீட்டிலிருந்து மணலில் குதித்தது. ஓடவில்லை. நடந்து வந்தது. அவசரமே இல்லாமல். வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டான். கைக்கு அடக்கமான அதே எடை. அதே தலைமுடி. புகையும் பொடியும் கலந்த வாசனை.

பிள்ளையின் தோளுக்கு மேலாக அவன் பார்வை மணலில் விழுந்தது. கதவிலிருந்து அவன்வரை, இப்போது நடந்து வந்த தடம்.

நீண்ட பாதம். ஆழமான குதிகால்.

நான்கு விரல்.

கூடாரங்களின் பக்கம் ஒவ்வொருவராக எழுந்து வந்துகொண்டிருந்தார்கள். மார்க்ரீத் அம்மாள் துண்டோடு தண்ணீர்ப் பீப்பாயிடம் நின்றாள். கனடாக்காரர் சோம்பல் முறித்து, கையை வாயருகே குவித்தார்.

"கோபாஆஆ! காலை வணக்கம்!"

பீப்பாயருகே மார்க்ரீத் அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

கூமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த தலையும் மெதுவாகத் திரும்பியது.